பத்தே வருடத்தில் இருபத்திரண்டு வயது கூடிய மைல்ஸ் லவெல்

மேட்டு வீடு,
பாலிநகோர், மேயோ.
12 ஜூலை 1986

அன்பு மகன் ரேமண்டுக்கு உன் சித்தப்பா ஃபெஸ்டஸ் லவெல் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நான், நாய், இருபத்தொன்பது ஆடுகள் எல்லோரும் சுகம். முப்பதாவது ஆடும் சுகமாகத்தான் இருந்தது, ஏரிக்கரை ஆஸ்டின் வீட்டு வேலி வழியாகத் தலையை நீட்டும்வரை. அதை விடு. அங்கே கிளீவ்லாந்தில் நீயும், உன் மனைவி மக்களும், உன் அப்பாவாகிய என் அண்ணன் மார்ட்டினும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். அண்ணனுடைய இருதயத்துக்கு என்று தனியாக ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினேன். பெரிய மெழுகுவர்த்தி. நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளேன்.

உன் கடிதம் வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிட்டேன். அண்ணனுக்கு எழுபது வயது ஆகிவிட்டது, இனி ஒருமுறை கடல் தாண்ட மருத்துவர் விடமாட்டார், அதனால் இந்த ஜூலை கடைசி ஞாயிறு, கல்லறை மந்திரிப்பு நாளில், தன் தாத்தா மைல்ஸ் லவெலின் குழிமேட்டில் ஒரே ஒருமுறை மண்டியிட்டுவிட்டுப் போக வேண்டும், எது அந்தக் குழி என்று கண்டுபிடித்து அண்ணன் பேரால் ஒரு கல் நட்டு வை என்று எழுதியிருந்தாய். சரியான ஆளிடம்தான் சொன்னாய். அந்த ஞாயிறு இந்த ஊரில் எப்படி என்று அண்ணனுக்குத் தெரியும். பங்குக் கோயில் ஜனம் முழுவதும் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்து நிற்கும். அவரவர் ஆட்கள் படுத்திருக்கும் இடத்தில் அவரவர். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார், ஜனங்கள் செபமாலையை உருட்டிக்கொண்டே யார் எங்கே நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். தப்பான படுக்கையில் பிடிபட்டவனுக்குக்கூட இந்த ஊரில் மன்னிப்பு உண்டு. தப்பான குழிமேட்டில் நின்றவனை அவன் பேரப்பிள்ளை காலம்வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இத்தனை வருடம் ஊரிலேயே கிடந்த உனக்குத் தாத்தாவின் குழி எது என்று தெரியாதா என்று நீ கேட்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை. ஆனாலும் சொல்கிறேன். எங்கள் அப்பாவும் அம்மாவும் சாலைக்கு இந்தப் பக்கம் புதுக் கல்லறையில் இருக்கிறார்கள், வருடா வருடம் நான் நிற்பது அங்கே. தாத்தா இருப்பது சாலைக்கு அந்தப் பக்கம், இடிந்த கோயிலைச் சுற்றிய பழைய கல்லறையில். சாமியார் அங்கே போய்ச் சேரும் நேரத்துக்கு எனக்குத் தொண்டை வறண்டுவிடும், மதுக்கடைக்குப் போய்விடுவேன். மேலும் அந்தக் காலத்தில் நம் ஜனத்துக்குப் பெயர் வெட்டிய கல் ஏது. வயலில் கிடக்கும் ஒரு கல்லைத் தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தால் தீர்ந்தது. அப்பா என்னை ஒரே ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டினார். எனக்கு அப்போது ஐந்து வயது. முன்னால் நின்ற அம்மாளின் தொப்பியில் ஒரு செத்த பறவையை வைத்துத் தைத்திருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பறவை இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அண்ணனுக்கும் ஒரே ஒரு ஞாபகம்தான் என்று எழுதியிருந்தாய். சின்ன வயதில் அப்பாவோடு அங்கே மண்டியிட்டபோது முழங்கால் இரண்டும் தீயாக எரிந்ததாம். ரேமண்ட், ஐம்பது வருடம் இரும்பாலையில் நின்ற மனிதருக்கு முழங்கால் எரியாமல் குளிருமா. ஞாபகத்தை நம்பிக் கல் நட முடியாது. அதற்குத்தான் ஆவணம் என்று ஒன்று இருக்கிறது. நான் ஆறாம் வகுப்பின் வாசல்வரை போய்த் திரும்பியவன்தான், ஆனால் வாசலில் நின்றபடியே உள்ளே நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டவன். எனக்கு ஆவணம் படிக்கத் தெரியும்.

ஆகவே சாவு வீட்டுக்குப் போடும் கோட்டு சட்டையை மாட்டிக்கொண்டு ரயிலேறி டப்ளின் போனேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் இரண்டு மணி நேரம் சரித்திரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பாதியில் தூங்கிவிட்டார், அதிகம் யோசித்தால் அப்படித்தான் வரும். ஆவணக் காப்பகத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தார். வாசலிலேயே என் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலைக் கொடுத்தார். பையில் இருந்த ரொட்டியையும் பன்றிக்கறியையும்கூட வாங்கி வைத்துவிட்டார்.

"யாரைத் தேடறீங்க ஐயா?" என்றார்.

"லவெல் குடும்பத்தை. மேயோ ராஜவம்சம்."

"எந்த வருஷம்?"

"அவங்க அரசாண்ட வருஷம்."

அம்மாள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ராஜாக்கள் இங்க இருக்க மாட்டாங்க ஐயா. வரி கட்டினவங்க, வழக்குல மாட்டினவங்க, தலை எண்ணப்பட்டவங்க, அவ்வளவுதான் இருக்காங்க. அதுலயும் பழசுல நிறைய இருபத்திரண்டாம் வருஷம் தீப்பிடிச்சப்பவே போயிடுச்சு."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. உள்நாட்டுச் சண்டையில் நம் பையன்களே இரண்டாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள், அதில் எரிந்தது நம் அரச பரம்பரைக்கான சான்று. இல்லாவிட்டால் எங்கே தேடியும் கிடைக்காமல் போகுமா. இந்த நாட்டில் எல்லாக் குடும்பமும் ராஜகுடும்பம்தான், எல்லோருடைய சான்றும் அதே ஒரு தீயில்தான் போயிருக்கிறது. யார் வீட்டு நாய்க்கு உரிமச்சீட்டு இல்லை என்ற பேரேட்டுக்கு மட்டும் ஒரு பொறிகூடப் படவில்லை.

ஏனென்றால் எனக்கு முதலில் கிடைத்ததே அந்தப் பேரேடுதான். ஆங்கிலேயன் நம்மை ஆண்ட காலத்தில் சிறுவழக்கு மன்றத்தில் எழுதி வைத்தது. பாலிநகோர் மைல்ஸ் லவெல், உரிமச்சீட்டு இல்லாமல் நாய் வளர்த்த குற்றம், 1884. மறுபடியும் 1887. மறுபடியும் 1889, நாய் அதேதான் என்று நினைக்கிறேன், நிறம் பழுப்பு என்று போட்டிருக்கிறது. ரேமண்ட், அதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. விக்டோரியா ராணியின் முத்திரை இல்லாமல் ஒரு ஐரிஷ் நாய் குரைக்கக் கூடாதா என்று ஐந்து வருடம் தனியாளாக நின்று கேட்டிருக்கிறார் நம் மைல்ஸ். டப்ளினில் துப்பாக்கி தூக்கியவர்களுக்கெல்லாம் சிலை வைத்திருக்கிறார்கள், நாயை வைத்துப் போராடியவரை யாருக்கும் தெரியாது. அடுத்த பக்கத்தில், மைல்ஸ் லவெல், மாட்டைப் பொதுச்சாலையில் அலையவிட்ட குற்றம், 1890 என்று இருந்தது. அது ஏரிக்கரை மைல்ஸ். மாட்டை அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பது அவர்கள் ரத்தம், இன்றைக்கும் ஆஸ்டின் அப்படித்தான்.

இந்த இடத்தில் உனக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். இந்த ஊரில் லவெல் குடும்பம் இரண்டு. மேட்டு லவெல் நாம். ஏரிக்கரை லவெல் அவர்கள். அந்தக் காலத்தில் இரண்டு வீட்டுக்கும் தலைவர் பெயர் மைல்ஸ், இரண்டு வீட்டிலும் மூத்த பையன் பேட்ரிக், இரண்டு வீட்டிலும் மனைவி பிரிட்ஜெட். இந்தப் பங்கில் பிரிட்ஜெட் இல்லாத வீடு என்றால் அது பெண்ணே இல்லாத வீடு. ஊருக்குள் இதனால் எந்தக் குழப்பமும் கிடையாது. மேட்டு மைல்ஸ், ஏரிக்கரை மைல்ஸ் என்றால் நாய்க்குக்கூடத் தெரியும். ஆனால் தலை எண்ண வந்த போலீஸ்காரன் கையில் ஆங்கிலேயன் அடித்துக் கொடுத்த படிவம். அதில் இந்த ஆள் ஊமையா, குருடா, பைத்தியமா என்று கேட்க ஒரு கட்டம் இருக்கிறது. மேடா ஏரிக்கரையா என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. உலகத்தில் பாதியை ஆண்டவனுக்கு இவ்வளவுதான் அறிவு.

இருந்தும் நான் கண்டுபிடித்துவிட்டேன். எப்படி என்று கேள். 1901இல் எடுத்த குடிக்கணக்கில் இரண்டு மைல்ஸுக்கும் வயது ஐம்பது. 1911 கணக்கை எடுத்தேன். ஒரு மைல்ஸுக்கு வயது அறுபது. பத்து வருடம் கழித்துப் பத்து வயது. கணக்கு என்றால் அப்படி இருக்க வேண்டும். இன்னொரு மைல்ஸுக்கு வயது எழுபத்திரண்டு. பத்தே வருடத்தில் இருபத்திரண்டு வயது. செம்மறி ஆடுகூட அவ்வளவு வேகமாகக் கிழடு தட்டாது. அதே வீட்டில் மனைவி பிரிட்ஜெட்டுக்கு எட்டு வயதுதான் கூடியிருக்கிறது. புருஷன் ஓட ஓட மனைவி பின்தங்கிவிட்டாள்.

"இது என்னம்மா அதிசயம், இந்த ஆளுக்கு ஏதாவது வியாதியா?" என்று கேட்டேன்.

"வியாதி இல்லைங்க ஐயா, பென்ஷன்" என்றார் அம்மாள். "1909ல எழுபது வயசானவங்களுக்கெல்லாம் பென்ஷன்னு சட்டம் வந்துச்சு. நம்ம ஜனத்துக்குப் பிறந்த சீட்டு கிடையாதே. அதனால அதிகாரி வந்து, பெருங்காற்று ராத்திரி ஞாபகம் இருக்கான்னு கேட்பாரு. 1839, மூன்று ராஜாக்கள் திருநாள் ராத்திரி அடிச்ச காத்து. ஞாபகம் இருக்குன்னா எழுபது தாண்டியாச்சுன்னு அர்த்தம்."

"எத்தனை பேருக்கு ஞாபகம் இருந்துச்சு?"

"எல்லாருக்குமே ஞாபகம் இருந்துச்சு. எல்லாருமே அன்னைக்கு ராத்திரி கையில வச்சு உருளைக்கிழங்கு தின்னுட்டிருந்தாங்களாம். காத்துக்கு அப்புறம் இருபது வருஷம் கழிச்சுப் பொறந்தவங்ககூட."

ரேமண்ட், நான் அந்த மேசையிலேயே சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆஸ்திரேலியாக்காரி உஷ் என்றாள். உண்மை தானாக வந்து மடியில் விழுந்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள். நம் குடும்பத்தில் பொய் என்ற சரக்கே கிடையாது. அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை, அவர் பேசியே நான் அதிகம் கேட்டதில்லை. நான் எப்படி என்று உனக்கே தெரியும், இந்தக் கடிதத்தில் ஒரு வரி பொய் இருந்தால் காட்டு. ஆகையால் அறுபது வயது மைல்ஸ்தான் நம்மவர். எழுபத்திரண்டு வயது மோசக்காரர் ஏரிக்கரைச் சொத்து. இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் வேண்டாம், ரத்தம் இருந்தால் போதும்.

ஊர் திரும்பியதும் பங்குச்சாமி ஹீலியைப் பார்த்தேன். சாமிக்கு என் ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம், கடிகாரத்தை நாலைந்து முறை பார்த்தார். ஞானஸ்நானப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். எலி தின்றது போக மீதியெல்லாம் லத்தீன். 1850, 1851 இரண்டு வருடத்துக்குள்ளேயே இரண்டு மைல்ஸ் லவெலும் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். ஏரிக்கரை மைல்ஸ் உருளைக்கிழங்கு தின்றதாகச் சொல்லும் ராத்திரிக்கும் அவர் பிறந்ததற்கும் நடுவில் பதினோரு வருடம். அவ்வளவு பசி.

புத்தகத்தைப் புரட்டும்போது கூடவே இன்னொரு உண்மையும் வெளிவந்தது. நான் இதுவரை எனக்கு அறுபத்துநாலு வயது என்று நினைத்து வாழ்ந்துவிட்டேன். பார்த்தால், ஃபெஸ்டஸ் லவெல், அப்பா பேட்ரிக், 1919 என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அப்படியானால் எனக்கு அறுபத்தேழு. பென்ஷன் வயது தாண்டி ஒரு வருடம் ஆகிவிட்டது, நான் பாட்டுக்கு ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ரெண்டு பக்கம் தள்ளி இன்னொரு ஃபெஸ்டஸ் இருக்கே" என்றார் சாமி. "அதே அப்பா, அதே அம்மா. 1922."

"எழுதினவர் கை தவறியிருக்கும் சாமி. ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை யாராவது தண்ணி ஊத்துவாங்களா?"

சாமி புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "ஆவணத்துல எது பிடிக்குதோ அதை மட்டும் படிக்கக் கூடாது, ஃபெஸ்டஸ்."

"நான் மேல இருந்து கீழேதான் சாமி படிக்கறேன். மேல இருக்கிறது 1919."

அந்த வரிக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். பென்ஷன் கேட்டு அஞ்சலகக்காரம்மாவிடம் கொடுத்தேன், காகிதத்தையும் என் தலைமுடியையும் மாறி மாறிப் பார்த்தார், ஒத்துப்போனது. முறைப்படி நடக்கிறவனுக்கு அரசாங்கம் எப்போதும் துணை. ஏரிக்கரை மைல்ஸ் மாதிரி காற்று, கிழங்கு என்று கதை அளக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

அப்புறம் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சாமியிடம் பழைய கல்லறையின் புதைப்புக் குறிப்பு இருக்கிறது. மைல்ஸ் லவெல், வயது 77, 1916, வேலி மூலை. மைல்ஸ் லவெல், வயது 66, 1917, கோயில் சுவரோரம். நீயே கூட்டிப் பார். 1911இல் எழுபத்திரண்டு என்று சொன்ன மோசக்காரர் செத்தபிறகும் விடாமல் எழுபத்தேழு என்று சாதித்துக்கொண்டு வேலி மூலையில் கிடக்கிறார். நம்மவர் அறுபத்தாறு என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுக் கோயில் சுவரோரம் படுத்திருக்கிறார். போய்ப் பார்த்தேன். சுவரோரம் நல்ல மேடான இடம், வெயில் படுகிறது, புல் மெத்தை மாதிரி. வேலி மூலையில் இடுப்பளவு காஞ்சொறி, மனிதர் கால் வைக்க முடியாது. பொய் சொல்லுகிறவனுக்குப் பரலோகம்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இங்கேயே தண்டனை முளைக்கிறது என்று எனக்கு நானே ஒரு பிரசங்கம் செய்துகொண்டேன். சாமிகூட அவ்வளவு நன்றாகச் செய்யமாட்டார்.

அன்று மாலையே மதுக்கடையில் வைத்து ஆஸ்டினிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைப்பது என் குணம் இல்லை, கடை நிறைந்திருந்தது.

"ஆஸ்டின், உங்க பாட்டனுக்குப் பத்து வருஷத்துல இருபத்திரண்டு வயசு ஏறியிருக்குடா. குடிக்கணக்குல பார்த்தேன்."

அவன் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "எங்க பாட்டனுக்கா?"

"பெருங்காத்துல கையில கிழங்கோட நின்னாராம். அவரு பொறக்கறதுக்குப் பதினோரு வருஷம் முந்தி."

"கெட்டிக்காரர்தான்" என்றான். "ஆனா அது யார் பாட்டன்னு ஒருதரம் பாத்துக்க. சுவரோரம் படுத்திருக்கிறது எங்க ஆளு. எங்கப்பா காட்டியிருக்காரு."

"உங்கிட்ட காகிதம் இருக்கா?"

"எங்கப்பா விரல் நீட்டிக் காட்டினாருடா."

"விரல் நீட்டினதெல்லாம் சாட்சியா? டப்ளின்ல போய் உங்கப்பா விரலைக் காட்டுவியா? எங்கிட்ட குடிக்கணக்கு ரெண்டு இருக்கு, புதைப்புக் குறிப்பு இருக்கு."

"காகிதத்துல மேட்டு மைல்ஸ்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்காது. யாரு நேர்மையானவருன்னு பாத்தா எந்த மைல்ஸுன்னு தானா தெரியும்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு சேர்ந்துதான் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன். ஆஸ்டின் மட்டும் சிரிக்காமல், "சரி ஃபெஸ்டஸ், நீ படிச்சவன்" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தான். தோற்றவன் அப்படித்தான் செய்வான்.

கல் போன வியாழக்கிழமை நட்டாயிற்று. சுண்ணாம்புக்கல், என் நெஞ்சு உயரம். ஊரிலேயே பெரிய கல் அதுதான், பேராயர் கல்லைவிட ஒரு விரற்கடை குறைவு, அதுவும் அடியைக் கொஞ்சம் ஆழமாகப் புதைத்ததால். பெயர், வருடம் மட்டும் போதும் என்று நீ எழுதியிருந்தாய். அண்ணன் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து வெறும் வருடத்தைப் பார்த்துவிட்டா போவார் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். மைல்ஸ் லவெல், 1851 - 1917, வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாதவர். கல்கொத்தர், "இப்படி யாருக்கும் நான் வெட்டினதே இல்லீங்களே" என்றார். வெட்டும்படி யாரும் இருந்திருக்கமாட்டார்கள் என்றேன்.

கல் நட்ட மறுநாள் ஆஸ்டின் அங்கே நிற்பதைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கல்லை ஒருமுறை தடவிப் பார்த்தான். "நல்ல கல்லுடா ஃபெஸ்டஸ். ரொம்ப நன்றி" என்றான். எதற்கு நன்றி என்று எனக்கு விளங்கவில்லை. ஊருக்கே ஒரு அழகு சேர்த்துக் கொடுத்தேன் அல்லவா, அதற்காக இருக்கும்.

ஆகவே நீங்கள் தைரியமாக வாருங்கள். அண்ணனை முன்னால் விட்டு நாம் இரண்டு பேரும் பின்னால் நிற்போம். சுவரோரம் நிலம் சமமாக இருக்கிறது, மண்டியிட்டு எழுந்திருக்கச் சிரமம் இருக்காது. ஹீலி சாமியிடம் பேசி, பழைய கல்லறைக்கே முதலில் வரச் சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறேன் என்றார். நீங்கள் தங்கும் அறைக்கு வெள்ளை அடிக்க இன்று மாலை தொடங்கப் போகிறேன். பன்றிக்கறியும் முட்டைக்கோசும் தயாராக இருக்கும், அங்கே உங்களுக்கு அது கிடைக்காது என்று கேள்விப்பட்டேன். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். அண்ணன் நெற்றியில் என் பெயரைச் சொல்லி ஒரு சிலுவை போடு. பேட்ரிக், பிரிஜிட், கொலம்பா என்னும் மூன்று அர்ச்சிஷ்டவர்களும் விமானத்தின் இரண்டு இறக்கையையும் வாலையும் பிடித்துக்கொண்டு வந்து உங்களைப் பத்திரமாக இறக்கிவிடட்டும்.

இப்படிக்கு,
உண்மையைத் தவிர வேறு எழுதி அறியாத உன் சித்தப்பா,
ஃபெஸ்டஸ் லவெல்

பி.கு.: உறையை ஒட்டவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். மேலே உள்ளதைப் படித்துவிட்டிருப்பாய், பரவாயில்லை.

வெள்ளை அடிக்கச் சுவரிலிருந்து இயேசுவின் திரு இருதயப் படத்தை இறக்கினேன். தாத்தா காலத்துப் படம், யாரும் அதை இறக்கினதே இல்லை. பின்பலகை கழன்று, உள்ளேயிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. 1909ஆம் வருடம் பென்ஷன் அதிகாரிக்குப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். ஊர் வாத்தியார் எழுதியது, ஆகையால் படிவத்தில் கட்டம் இல்லாவிட்டாலும் எழுத வேண்டியதை எழுதியிருக்கிறார்: 'மேட்டு மைல்ஸ் லவெல்.' அன்னார் பெருங்காற்று அடித்த இரவை நேற்று நடந்ததுபோல் நினைவு வைத்திருப்பதாகவும், வீட்டுக்கூரை கோழி ஏழுடன் ஏரியைத் தாண்டிப் பறந்ததாகவும், தகப்பனார் தம்மைக் கணுக்காலில் பிடித்து இழுத்துக் காப்பாற்றியதாகவும், அப்போதும் தம் கையில் இருந்த உருளைக்கிழங்கைத் தாம் கீழே விடவில்லை என்றும் எழுதி, கீழே ஒரு பெருக்கல் குறி. நம் தாத்தாவின் கைநாட்டு.

காகிதத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். அப்புறம் இரண்டாம் முறை படித்தேன். ரேமண்ட், எல்லோரும் கிழங்கோடு நிறுத்திக்கொண்டார்கள் என்றுதானே அந்த அம்மாள் சொன்னார். கோழி ஏழு என்று எண்ணிச் சொன்னவர் ஒருவர்தான் இருக்க முடியும். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல் இனிமேல் அங்கேயே நிற்கட்டும். அதில் எழுதியிருப்பது உண்மை, நிற்கும் இடமும் சரி, கீழே படுத்திருக்கும் ஆள் மட்டும் ஆஸ்டினுடையவர். அவன் பூச்செடிகூட வைத்துவிட்டான். நம்மவர் வேலி மூலையில். இப்போது அங்கே போய்விட்டுத்தான் வருகிறேன். அரிவாளோடு போனேன். ஒரு வீச்சு வீசுவதற்குள் காஞ்சொறி கால்சட்டைக்குள் புகுந்து இரண்டு முழங்காலும் தீயாக எரிந்தது. அப்படியே அரிவாளைக் கீழே போட்டுவிட்டேன். ஒரு செடியையும் வெட்டவில்லை. அண்ணன் வந்து மண்டியிடட்டும். நான் எதுவும் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே. இடம் இதுதானா என்று அவர் முழங்காலே அவருக்குச் சொல்லட்டும்.

இன்னொன்று. அந்த முதல் ஃபெஸ்டஸ் 1919இல் பிறந்து பத்தொன்பது நாளில் போய்விட்ட பிள்ளை என்றும், அந்தப் பெயரை வீணாக்காமல் மூன்று வருடம் கழித்து எனக்கு வைத்தார்கள் என்றும் அண்ணனுக்குத் தெரியும். ஊரார் முன்னால் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல். ஆறு வயது சின்னவன், இவனைத் தோளில் தூக்கிச் சுமந்தேன் என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். அஞ்சலகக்காரம்மா வீட்டுக் குழி வேலி மூலைக்கு அடுத்ததுதான்.